பிள்ளையின் எடையும் மேற்படிப்பும்: எல்லையோரப் பெற்றோரும் ஆசிரியரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டால் ஒரே பேச்சுதான். பிள்ளையைச் சித்தூர்ப் பக்கமே ப்ளஸ் ஒன்னில் சேர்ப்பதா, பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ அனுப்புவதா, எந்த குரூப் எடுப்பது என்று வீடே கூடி யோசிக்கும். அந்த யோசனைக்குள் பிள்ளையின் உடம்பும் ஒரு காரணமாக நுழைந்துவிடுவதைப் பலரும் கவனிப்பதில்லை. "இந்த உடம்பை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு பஸ் மாறி இவளால் போய்வர முடியுமா?" என்று அத்தை கேட்பார், "ஓடியாடுகிற வேலைக்கெல்லாம் இவன் சரிப்பட மாட்டான்" என்று சித்தப்பா சொல்வார். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, தான் படிக்க நினைத்த படிப்பைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறப்பதில்லை.

பருத்த பிள்ளை சோம்பேறி, மந்தமானது என்று முடிவுகட்டுவது நாம் செய்யும் தவறுகளில் அடிப்படையானது. அமெரிக்க மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2013-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, உடல் பருமன் உள்ள மாணவர்கள் திறனறித் தேர்வுகளில் மற்றவர்களுக்கு இணையாகவே மதிப்பெண் பெற்றார்கள் என்றும், ஆசிரியர்கள் இடும் பள்ளி மதிப்பெண்ணில் மட்டும் பின்தங்கியிருந்தார்கள் என்றும் காட்டியது. திறமை குறையாதபோது மதிப்பெண் ஏன் குறைய வேண்டும் என்ற கேள்வி, வகுப்பறையில் நாம் அந்தப் பிள்ளையை எப்படிப் பார்க்கிறோம் என்பதை நோக்கித்தான் நம்மைத் திருப்புகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிராஸ்னோ என்ற சமூகவியலாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. பருமனான மாணவிகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு மற்ற மாணவிகளுக்கு இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான் என்று அவர் கண்டார். ஆண் மாணவர்களிடம் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. பருமனான பிள்ளைகள் அரிதாக இருந்த பள்ளிகளில், அதாவது அந்தப் பெண் தனித்துத் தெரிந்த இடங்களில், பாதிப்பு மேலும் கூடியிருந்தது. அந்த நாட்டு எண்ணிக்கையை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது என்றாலும், பெண்பிள்ளையின் உடம்பைப் பற்றி மட்டும் ஊரே கருத்துச் சொல்லும் வழக்கம் நம்மிடமும் இருப்பதால், அந்த முடிவை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது.

இதோடு ஒட்டியதுதான் எடையைப் பலர் முன்னால் அறிவிக்கும் பழக்கம். பள்ளியில் உடல்நலப் பரிசோதனை நடக்கும் நாளில் எடைக்கருவியை வகுப்பின் முன்பக்கம் வைத்து, ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொருவர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் எண் காதில் விழுந்ததும் பின்பெஞ்சில் எழும் சிரிப்பை அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி வருடம் முழுக்கச் சுமக்கிறாள். தமிழில் "பூசணிக்காய்" என்றும் மலையாளத்தில் "தடிச்சி" என்றும் இரண்டு மொழியிலும் அவளுக்குப் பெயர் விழுகிறது. அதன் பிறகு விடை தெரிந்திருந்தும் கரும்பலகைக்கு வர மறுப்பாள், பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டாள், சுற்றுலாவுக்கு ஏதாவது காரணம் சொல்லிவிடுவாள். கல்லூரி என்பது இன்னும் அதிகமான புது முகங்கள் பார்க்கும் இடம் என்பதால், "எனக்கு வீட்டிலிருந்தே படிக்கும் கோர்ஸ் போதும்" என்று அவளே சொல்வாள். நாம் அதை அவளுடைய விருப்பம் என்று எழுதிக்கொள்வோம். எடையைத் தனியறையில் பார்த்து, பெற்றோரிடம் மட்டும் தெரிவிப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உடம்பை அளவுகோலாக வைப்பதைத்தான் தவறுகளில் மிகப் பெரியதாக நான் கருதுகிறேன். மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியர் பயிற்சி, கலை அறிவியல் படிப்புகள் எதிலும் எடையைப் பார்த்து இடம் ஒதுக்குவதில்லை. ராணுவம், காவல்துறை, விமானப் பணிப்பெண் போன்ற சில வேலைகளுக்கு உடல் தகுதி கேட்பார்கள் என்பது சரிதான். ஆனால் அந்தத் தகுதியைப் பார்ப்பது பதினெட்டு வயதுக்கு ஒட்டியோ அதற்குப் பிறகோதான். பதினான்கு வயது உடம்பைப் பார்த்து அந்தக் கதவை இப்போதே சாத்துவதற்கு நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. பையன் போலீஸ் ஆக வேண்டும் என்றால், அதற்கான விதிகளை அவனோடு உட்கார்ந்து படித்து, இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

எடை உண்மையிலேயே அதிகமா என்பதையே பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. என்ற உடல் நிறைக் குறியீடு; பெரியவர்களுக்கு 18.5 முதல் 25 வரை இயல்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வளரும் பிள்ளைக்கு இதைப் பொருத்தவே கூடாது, ஏனென்றால் அந்தப் பருவத்தில் இயல்பான அளவு வயதுக்கு வயது, ஆண் பெண் என்று மாறிக்கொண்டே இருக்கும். 13 வயது, 150 செ.மீ. உயரம், 38 கிலோ உள்ள பெண்ணுக்குக் கணக்கு 16.9 என்று வரும். பெரியவர்களின் அட்டவணைப்படி அவள் எடை குறைந்தவள், வயதுக்குரிய அட்டவணைப்படி இயல்பானவள். அதே வயதும் அதே உயரமும் கொண்ட பையன் 48 கிலோ இருந்தால் 21.3 வரும், பெரியவர்களுக்கு அது இயல்பு, அவன் வயதுக்கு அதிக எடை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 18 வயது வரைக்குமான வளர்ச்சி அட்டவணையை 2015-இல் வெளியிட்டிருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் அதில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பூப்பெய்தும் பருவத்தில் பெண்பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது வளர்ச்சியின் பகுதி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தேர்வு ஆண்டு வந்துவிட்டால் விளையாட்டை நிறுத்தி, தூக்கத்தைக் குறைத்து, டியூஷனைக் கூட்டுவது எல்லையின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல நடக்கிறது. விடிவதற்கு முன் ஒரு டியூஷன், சாப்பிடாமல் பஸ், மாலையில் பேக்கரியில் டீயும் பழம்பொரியும், மறுபடி டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கோவையில் நீட் வகுப்பு என்று ஓடும் பிள்ளைக்கு எடை கூடாமல் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. கேரளத்தில் மதிய உணவு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலிருந்து வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்கும் டிபன் பாக்ஸுக்கு முன்னைவிட முக்கியத்துவம் உண்டு. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடவைத்து அனுப்பினால் மாலை நேரப் பசி அடங்கும். 17 வயது வரை தினமும் ஒரு மணி நேரம் உடல் உழைப்பும், பதின்பருவத்தில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கமும் தேவை. இவற்றைப் பறித்துப் படிக்கவைத்தால் எடையும் கூடும், படித்ததும் நிற்காது.

எடையைக் குறைக்கிறேன் என்று காலைச் சாப்பாட்டை நிறுத்துவதும், தெரிந்தவர் விற்கிறார் என்பதற்காக எடை குறைக்கும் என்று சொல்லும் மாவு டப்பாக்களை வாங்கிக் கலக்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

ஒல்லியான பிள்ளைகளை மறந்துவிடுவதும் தவறுதான். "அவள் அப்படித்தான், வம்சமே ஒல்லி" என்று விட்டுவிடும் பெண்ணுக்கு ரத்தசோகை இருக்கலாம். களைப்பும் மூச்சு வாங்குவதும் கவனச் சிதறலும் அதனால் வந்திருக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வயிறு புரட்டுகிறது என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

சில அடையாளங்களைக் கண்டால் திட்டுவதை விட்டு மருத்துவரைப் பாருங்கள். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு என்று எண்ணி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினால் தைராய்டைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும் காட்ட வேண்டும். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு, பகலில் வகுப்பில் தூங்கி விழுந்து அடி வாங்கும் பருமனான பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு இருக்கக்கூடும். அதைச் சரிசெய்தால் பாடத்தில் கவனம் திரும்ப வாய்ப்பு உண்டு. சாப்பாட்டை ஒளித்துவைக்கும், சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடும், பள்ளிக்கே போக மறுக்கும் பிள்ளையை மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். அருகில் யாரும் இல்லை என்றால் அரசின் டெலிமானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை இலவசமாக அழைக்கலாம்; கேரளத்திலிருந்து பேசினாலும் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.