அப்பாவோடு உட்கார்ந்து 'தி ரெஸ்லர்' பார்ப்பது எப்படி

எங்கப்பா சோமனூரில் 31 வருசம் விசைத்தறி ஓட்டியவர். தறிக்குடோன் சத்தத்தில் இரண்டு காதும் மந்தமாகி, இப்போது காது மிஷின் வைத்திருக்கிறார். போன பொங்கல் லீவில் அவரோடு 'தி ரெஸ்லர்' பார்த்தேன். ராண்டி என்ற வயசான மல்யுத்தக்காரரின் கதை, 2008-இல் வந்தது. உடம்பை வைத்தே பிழைத்த பெரியவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் இந்தப் படத்தைக் காட்டுங்கள். எப்படிக் காட்டலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். 109 நிமிடம்தான். மரிசா டோமே நடித்த பெண் ஒரு கிளப்பில் ஆடுபவள். அந்த மேடைக் காட்சிகளைக் குடும்பத்தோடு பார்க்க முடியாது. எங்கே தள்ளிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டு ரிமோட்டைக் கையிலேயே வையுங்கள். ஆனால் அவளை மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். அவளும் உடம்பால் சம்பாதிப்பவள், அவளுக்கும் வயசாகிறது. ராண்டியின் மகளுக்குப் பரிசாகத் துணி எடுக்க அவரும் அவளும் பழைய துணிக்கடைக்குப் போகும் காட்சி கட்டாயம் இருக்க வேண்டும்.

முள்கம்பியும் ஸ்டேப்ளர் பின்னும் வைத்து அடித்துக்கொள்ளும் ஒரு சண்டை வரும். முதலில் காயத்துக்கு மருந்து போடுவதைக் காட்டி, எந்தக் காயம் எப்படி வந்தது என்று பிறகு காட்டுவார்கள். அது முடிந்ததும் ராண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். இருதய ஆபரேஷன் ஆனவர் பார்க்கிறார் என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படம் தொடங்கியதுமே அப்பா, "இதெல்லாம் செட்டப்புதானே அம்மணி?" என்றார். எங்கண்ணன் மல்யுத்த வீரர் சீட்டு வைத்து விளையாடிய காலத்திலிருந்தே அவர் சொல்வதுதான். நான் பதில் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். உடை மாற்றும் அறைக் காட்சி வரட்டும். யார் எப்போது விழுவது, யார் ஜெயிப்பது என்று எதிராளிகள் நண்பர்களைப் போலப் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் ராண்டி ஒரு பிளேடுத் துண்டை மணிக்கட்டுக் கட்டில் ஒளித்துக்கொள்கிறார். மேடையில் யாருக்கும் தெரியாமல் தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்கிறார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தறியில் ஓடும் நாடா தெறித்த தழும்பு ஒன்று அவர் புருவத்துக்கு மேல் உண்டு. அதைத் தடவிக்கொண்டே, "முடிவுதான் பேசி வெச்சது. ரத்தம் நெசம்" என்றார். படத்துக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

கேமரா பெரும்பாலும் ராண்டியின் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கும். தொடக்கத்தில் முகத்தையே காட்டாது. இதையும் விளக்க வேண்டாம். அப்பாவே, "மேஸ்திரி பின்னாடியே வர்ற மாதிரி இருக்குது" என்றார்.

இனிமேல் மேடை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லும் இடத்தில் நிறுத்தி டீ கொடுங்கள். இடைவேளைக்கு அதுதான் இடம். டீயை விட, பேச விடுவதுதான் முக்கியம். தறியை விட்ட அன்று ராத்திரி சத்தம் இல்லாமல் தூக்கமே வரவில்லை என்று அப்பா அன்றைக்குத்தான் சொன்னார். இத்தனை வருசத்தில் எனக்குத் தெரியாத சேதி.

மறுபடி போடும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். காது மிஷினுக்கு ஃபேன் சத்தமும் பெரிதாகக் கேட்கும். இனிமேல் சத்தத்தாலேயே ஆன ஒரு காட்சி வரும். சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வெட்டிக் கொடுக்கும் வேலைக்கு ராண்டி நடந்து போகிறார். அந்த நடையில் மேடைக்குப் போகும்போது கேட்ட கூட்டத்தின் இரைச்சல் மெல்ல எழும். கவுண்டருக்குள் நுழைந்ததும் அடங்கிவிடும். சட்டையில் குத்திய அட்டையில் அவர் வெறுக்கும் பிறவிப்பெயர், ராபின். தறியை விட்டபின் அப்பா ஒரு மில் வாசலில் வாட்ச்மேனாக இருந்தார். சட்டைப்பையில் தொங்கிய அட்டையில் அவர் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். கடைசிவரை யாரும் திருத்தவில்லை.

மகளோடு கடற்கரையில் பேசும் காட்சிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் கீழே, திரைக்கு நேராக உட்காருவது நல்லது. யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. இருட்டில் அப்பா, "உன்ற ஆண்டு விழாவுக்கெல்லாம் நான் வரவே இல்லீல்ல" என்றார். அப்போதெல்லாம் அவருக்கு ராத்திரி ஷிப்டு.

ராண்டியாக நடித்த மிக்கி ரூர்க்கின் கதையைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்னமே சொன்னால் ராண்டியை விட்டு நடிகரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். 1991-இல் குத்துச்சண்டைக்குப் போய் முகம் உடைந்து திரும்பியவர் அவர். டேரன் அரனாஃப்ஸ்கி இயக்கிய இந்தப் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது. ரூர்க் பெயர் ஆஸ்கர் பட்டியல்வரை போனது.

கடைசியில் ராண்டி மூலைக்கயிற்றின் மேல் ஏறித் தாவுகிறார், திரை கறுத்துவிடுகிறது. உடனே விளக்கைப் போடாதீர்கள், பாட்டு ஓடி முடியட்டும். "அவனுக்கு என்னாச்சு?" என்று அப்பா கேட்டார். படத்தில் சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காது மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, "நாளைக்கு மறுக்காப் போடு அம்மணி" என்றார்.