விடியற்காலைக் கனவும் நாம் செய்யும் தவறுகளும்

"விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும்" என்று சொல்லாத வீடு நம் ஊரில் குறைவு. இது இன்று நேற்று வந்த பேச்சும் இல்லை. கனாநூல் என்ற பழைய நூலில் இதற்கு ஒரு கால அட்டவணையே இருக்கிறது: முதல் சாமத்தில் கண்டது ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமத்தில் கண்டது எட்டு மாதத்தில், மூன்றாம் சாமத்துக் கனவு மூன்று மாதத்தில், கடைசிச் சாமத்தில் கண்டது பத்து நாளுக்குள். பலன் சொன்ன பகுதியை விட்டுவிடலாம். ஆனால் விடியற்காலைக் கனவுக்குத் தனி இடம் கொடுத்தார்களே, அந்தக் கவனிப்பு சரியானதுதான். அதற்கான காரணம் வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது.

1953ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் நதானியல் கிளைட்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்கள் சில நேரங்களில் வேகமாக அலைகின்றன, அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள் என்பது அதன் சாரம். அசெரின்ஸ்கி ஆரம்பத்தில் மின்கம்பிகளை ஒட்டிப் பார்த்தது தன் எட்டு வயது மகனின் தலையில். அந்தக் கட்டத்துக்கு, வேகமான கண்ணசைவு என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, ரெம் (REM) தூக்கம் என்று பெயர் வந்தது.

இரவு பதினோரு மணிக்குத் தூங்கினால் முதல் ரெம் சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து வரும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்புறம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும், வரவர நீளும். நாலு, ஐந்து மணிக்கு வருவது அரை மணி நேரம்கூட நீடிக்கும். ஆக, கனவில் பெரும்பங்கு விடியலை ஒட்டி நடக்கிறது. கண்டதும் விழித்துவிடுவதால் ஞாபகத்திலும் நிற்கிறது. மற்ற நேரத் தூக்கத்திலும் கனவு உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் ஏதோ யோசனை ஓடியதுபோலத் துண்டு துண்டாக இருக்கும். இந்த நேரக் கணக்கு மட்டும் மனதில் பதிந்துவிட்டால், கனவு விஷயத்தில் செய்யும் தவறுகளில் பாதி தானாகவே புலப்பட்டுவிடும்.

பலித்ததை மட்டும் எண்ணுவது

ஓர் இரவில் நாலைந்து ரெம் கட்டங்கள் என்றால், ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் கனவுகள். அதில் ஒன்றிரண்டு நடப்போடு ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒத்துப்போன அந்த ஒன்றை இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருப்போம், மற்ற ஆயிரத்துச் சொச்சத்தை அன்று காலை காபி குடிக்கும்போதே மறந்திருப்போம். இன்னொன்று, தாத்தா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவர் போய்விட்டதாகக் கனவு வருவதில் என்ன அதிசயம்? பகலெல்லாம் அந்தப் பயத்தோடுதானே நடமாடினோம்.

கண்ணகி கண்ட கனவு பலித்தது, பாண்டிமாதேவி கண்ட கனவும் பலித்தது. காப்பியத்தில் பலித்துத்தான் ஆகும், ஏனென்றால் கனவை எழுதியவரும் முடிவை எழுதியவரும் ஒருவரே.

பலன் அட்டவணையைப் பார்ப்பது

பல் விழுந்தால் வீட்டில் இழவு. கல்யாணம் கண்டால் சாவு, சாவு கண்டால் கல்யாணம். பாம்பு துரத்தினால் தோஷம், கடித்தால் தோஷம் கழிந்தது. இந்தப் பட்டியல் காலண்டர் பின்பக்கத்திலிருந்து யூடியூபுக்குக் குடிபெயர்ந்திருக்கிறதே தவிர, மாறவில்லை. கனவில் வரும் பொருளுக்கு எல்லோருக்கும் ஒரே அர்த்தம் என்று வைத்துக்கொள்வதுதான் இதில் அடிப்படைப் பிழை. வடநெம்மேலியில் பாம்பு பிடித்து விஷம் எடுப்பதையே தொழிலாகச் செய்யும் இருளர் ஒருவருக்குக் கனவில் பாம்பு வந்தால் அது அவருடைய ஆபீஸ் கனவு. எட்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கும் ஒருவருக்கு வரும் பாம்பும் அதுவும் ஒன்றாகுமா? இதைச் சொல்ல நவீன விஞ்ஞானம்கூடத் தேவையில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கனவுப் பலன்களைத் தொகுத்த கிரேக்கர் அர்த்தமிடோரஸே, கண்டவர் யார், என்ன தொழில், எப்படிப்பட்ட நிலையில் இருக்கிறார் என்று தெரியாமல் பலன் சொல்லக் கூடாது என்றுதான் எழுதி வைத்தார்.

பல் கனவையே எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலில் இரண்டு ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2018ல் வெளிவந்தது. பல் விழுவதாக அடிக்கடிக் கனவு காண்பவர்களுக்கு, காலையில் எழும்போது பல்லிலோ ஈறிலோ தாடையிலோ ஓர் இறுக்கமும் கூச்சமும் இருப்பதாகத் தெரிய வந்தது. மனக்கவலையோடு அந்தக் கனவுக்குத் தொடர்பு தெரியவில்லை. ஆகவே பல் விழும் கனவு திரும்பத் திரும்ப வந்தால், ஜோசியரைப் பார்க்கும் முன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள்.

சரி, அப்படியானால் கனவுக்கு அர்த்தமே கிடையாதா? உண்டு, ஆனால் அது கனவில் வந்த பொருளைவிட, அதில் இருந்த உணர்ச்சியில்தான் அதிகம் கிடைக்கும். காலேஜ் முடித்து இருபது வருஷமான ஒருவருக்கு ப்ளஸ் டூ பரீட்சைக் கனவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹால் டிக்கெட்டைக் காணோம், கேள்வித்தாள் படிக்காத பாடத்தில் இருக்கிறது, பேனா எழுதவில்லை. நோட்டில் இப்படி எழுதிப் பார்க்கலாம்:

கனவு: பரீட்சை ஹால், கணக்குப் பேப்பர், எல்லோரும் எழுதுகிறார்கள்.
உணர்ச்சி: எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை என்ற பதற்றம்.
நேற்று: புது டீமில் முதல் மீட்டிங், பேசியதில் பாதி புரியவில்லை, தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வரியை எழுதும்போதே விஷயம் விளங்கிவிடும். கணக்குக்கும் அந்தக் கனவுக்கும் சம்பந்தமில்லை. இப்படி நேற்றைய நாளோடு பொருந்தாத கனவுகளும் நிறைய வரும். அவற்றை இழுத்துப் பிடித்து அர்த்தம் சொல்ல வைப்பது வீண் வேலை, விட்டுவிடலாம்.

அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது

"எனக்குக் கனவே வராது" என்பவர்களில் பெரும்பாலோருக்கு வருகிறது, நிற்பதில்லை. ரெம் தூக்கத்தில் மூளையில் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் மிகவும் குறைந்துவிடுகிறது. நினைவு ஊன்றாமல் போவதற்கு அது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். விழித்தவுடன் போனை எடுத்து வாட்ஸ்அப் பார்த்தால், மிச்சம் இருந்ததும் போச்சு. கண்ணைத் திறக்காமல், படுத்த நிலையை மாற்றாமல் அரை நிமிஷம் அப்படியே கிடந்து, கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். பிறகு எழுதுங்கள், புரியும்படி எழுதுங்கள்.

அப்படிச் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. நரம்புகள் ரசாயனம் மூலம் பேசுகின்றனவா என்று யோசித்துக்கொண்டிருந்த ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி, ஒரு நாள் ராத்திரி அதற்கான பரிசோதனையைக் கனவில் கண்டு, எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. நல்லவேளை, அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இந்த முறை காகிதத்தை நம்பாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்து பார்த்துவிட்டார். 1921ல் அதை வெளியிட்டார், 1936ல் நோபல் பரிசு வந்தது. எல்லோருக்கும் இரண்டாவது முறை வராது.

லூசிட் ட்ரீமிங்கில் அவசரப்படுவது

கனவுக்குள்ளேயே "இது கனவு" என்று தெரிந்துகொள்வதைத்தான் லூசிட் ட்ரீமிங் என்கிறார்கள். இது யோகிகளுக்கு மட்டும் கைகூடும் சித்தி என்று நினைப்பது ஒரு தவறு, இன்றிரவே கனவில் பறந்துவிடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தானாகவே நடந்திருக்கிறது. ஆனால் வேண்டியபோது வரவழைப்பது வேறு விஷயம்.

அப்படி ஒன்று உண்மையில் உண்டா என்ற சந்தேகத்தை 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் தீர்த்து வைத்தார். ரெம் தூக்கத்தில் கைகால் தசைகள் செயலற்றுப் போய்விடும், கண்கள் மட்டும் அசையும். அதனால் ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், கனவில் உணர்வு வந்ததும் கண்ணை இடமும் வலமுமாகக் குறிப்பிட்ட தடவை அசைக்கும்படி சொல்லி வைத்திருந்தார். கருவியில் அந்த அசைவு பதிவானது, ஆள் தூக்கத்தில்தான் இருந்தார். சில வருஷங்களில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் இதையே தனியாகச் செய்து காட்டினார். 2021ல் வெளியான ஆய்வில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தூங்கிக்கொண்டிருந்தவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று கேட்க, அவர் கனவிலிருந்தபடியே கண்ணை இரண்டு முறை அசைத்தார்.

இதைப் பழகுகிறவர்கள் தொடங்கும் நேரத்திலேயே கோட்டை விடுகிறார்கள். ராத்திரி படுத்தவுடன் முயற்சி செய்தால் முன்னால் இருப்பது ஆழ்ந்த தூக்கம், ரெம் இல்லை. ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து, சில நிமிஷம் விழித்திருந்து, "அடுத்த கனவில் இது கனவு என்று ஞாபகம் வைத்துக்கொள்வேன்" என்று திரும்பச் சொல்லியபடி, சற்று முன் கண்ட கனவை மனதில் ஓட்டிக்கொண்டே தூங்க வேண்டும். லாபெர்ஜ் வகுத்த இந்த முறையை ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் சோதித்து 2017ல் வெளியிட்டார்கள். மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தவர்களுக்கே 100 முயற்சியில் 17 தான் பலித்தது. சொல்லி முடித்த ஐந்து நிமிஷத்துக்குள் தூங்கியவர்களுக்கு மட்டும் அது 46. எனவே மூன்று நாள் பார்த்துவிட்டு "எனக்கு வராது" என்று விடுவதும் சரியில்லை, தினமும் அலாரம் வைத்துத் தூக்கத்தைக் குலைப்பதும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

அடுத்தது கிள்ளிப் பார்ப்பது. நம் சினிமாவில் கதாநாயகன் தவறாமல் செய்வான். கனவிலும் வலிக்கக்கூடும், அதை நம்ப முடியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள், கனவில் என்றால் மூச்சு பாட்டுக்குப் போகும். ஒரு போர்டைப் படித்துவிட்டுத் திரும்பப் படித்தால் எழுத்து மாறியிருக்கும். ஆனால் பகலில் இதைச் சடங்காகச் செய்தால் கனவிலும் சடங்காகச் செய்துவிட்டு, "நிஜம்தான்" என்று போய்விடுவோம். "எப்படி இங்கே வந்தேன், ஐந்து நிமிஷம் முன்னால் எங்கே இருந்தேன்?" என்று உண்மையாகவே யோசிக்க வேண்டும்.

தெரிந்துவிட்டது என்ற உற்சாகத்திலேயே விழிப்பு வந்துவிடுவது புதியவர்கள் பலருக்கும் நடப்பது. அந்த நொடியில் பறக்கக் கிளம்பாமல், கைகளைத் தேய்த்து, பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்து நின்றால் கனவு கொஞ்சம் நிலைக்கும். உணர்வு வந்துவிட்டது என்பதற்காகக் கனவு முழுக்க நம் சொல்படி நடக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கதவைத் திறக்கலாம், உள்ளே யார் இருப்பார்கள் என்பது பல நேரம் நம் கையில் இல்லை.

கேலன்டமைன் மாத்திரை போட்டால் சுலபம் என்று இணையத்தில் சொல்வார்கள். அது மறதி நோய்க்குக் கொடுக்கும் மருந்து. ஆய்வில் பலன் தெரிந்திருந்தாலும், டாக்டர் சொல்லாமல் வாங்கிப் போடும் பொருள் இல்லை. நிஜத்துக்கும் கற்பனைக்கும் எல்லை மங்கும் மனநோய் உள்ளவர்கள் இந்தப் பயிற்சிப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அமுக்குவான் பேயும் டாக்டரும்

விடியற்காலையில் விழிப்பு வந்துவிட்டது, கண் திறந்திருக்கிறது, கைகால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அமுக்குவான் பேய் என்று தலையணைக்கடியில் இரும்பு வைப்பார்கள். ரெம் தூக்கத்தில் தசைகளைக் கட்டிப்போடும் ஏற்பாடு, விழிப்பு வந்த பிறகும் சில நொடியோ நிமிஷமோ அவிழாமல் இருப்பதுதான் இது. முரண்டு பிடித்தால் பயம்தான் கூடும். நிதானமாக மூச்சு விட்டு, ஒரு கால்விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும், நடுவில் எழுந்து தூங்கும் லூசிட் பயிற்சியிலும் வரலாம்.

கெட்ட கனவு ஒன்றே திரும்பத் திரும்ப வந்து தூங்கவே பயமாக இருந்தால், பரிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பகலில் அந்தக் கனவின் முடிவை மாற்றி எழுதி, புதிய முடிவைத் தினமும் சில நிமிஷம் மனதில் ஓட்டிப் பார்க்கும் சிகிச்சை முறை இருக்கிறது, பலருக்குக் கேட்கிறது. சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூடக் கனவை உக்கிரமாக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தினால் இன்னும் மோசமாகலாம், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலர் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஐம்பது, அறுபது தாண்டியவர் தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார், கனவில் யாரையோ அடிப்பதாகப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுகிறார். தசைகளைக் கட்டிப்போடும் அதே ஏற்பாடு தளர்ந்துபோனதன் அடையாளமாக இது இருக்கலாம். சிலருக்குப் பல வருஷம் கழித்து வரும் பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கிறது. நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் இருப்பவர் போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். தூக்கத்தில் தான் என்ன செய்தோம் என்பது பல நேரம் தூங்கியவருக்குத் தெரிந்திருக்காது.