ஒரு பக்கக் கதையில் கடைசி வரித் திருப்பம்

முதலில் கடைசி வரியை எழுதுங்கள். மொத்தம் 250 சொல்லுக்குள் முடிய வேண்டும். கதைக்குள் மூன்று பேருக்கு மேல் நுழைந்தால் பந்தியில் இலை போதாது. சூரிய உதயம், ஆவி பறக்கும் காபி, சாய்வு நாற்காலி மூன்றையும் ஆரம்பத்திலேயே வெட்டிவிடுங்கள்.

பழைய சரக்கு ஒன்றையே எடுப்போம். மகன் அம்மாவை முதியோர் இல்லத்துக்குக் காரில் கூட்டிப்போகிறான். கடைசியில் பார்த்தால் அம்மாதான் அங்கே புது வார்டன். இதற்கு ஒரு தடயம் வேண்டும்: சாவிக்கொத்து. அதற்குத் தனி வாக்கியம் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ‘மாத்திரை டப்பா, சாவிக்கொத்து, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் திணித்தாள்’ என்று நடுவில் செருகினால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பெரும்பாலான கதைகள் கவிழ்வது வேறு இடத்தில். ‘பெற்றவளைத் தள்ளிவிடுகிறோமே என்று குமுறினான்’ என்று எழுதினால் அது திருப்பமல்ல, புளுகு. அவனுக்குத்தான் உண்மை தெரியுமே! கதையை எதிர்வீட்டு மாமியின் கண்ணுக்கு மாற்றுங்கள். அவளுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவாள். பொய் அவள் கணக்கில் போய்விடும்.

‘திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு’, ‘அவள் கொஞ்சியது நாய்க்குட்டியை’ இரண்டும் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டன, பென்ஷனோடு.

எழுதியதைக் கடைசி வரி இல்லாமல் வீட்டில் யாரிடமாவது கொடுங்கள். முடிவைச் சரியாகச் சொல்லிவிட்டால் தடயம் பெரிது. முடிவைக் காட்டிய பிறகும் ‘எப்படி?’ என்றால் தடயமே இல்லை. திருப்பத்துக்குப் பின்னால் ‘என்று சொல்லிச் சிரித்தாள்’ ஒட்டிக்கொண்டிருந்தால் அடித்துவிடுங்கள்.