வேலைக்காக ஊரை விட்டு வந்த கிறிஸ்தவ இளைஞர் விசுவாசத்தில் வளர: பழக்கங்களும் சூழலும்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிறிஸ்தவக் கிராமங்களிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு வரும் இளைஞர் பலர், ஓரிரு ஆண்டுகளுக்குள் வேதவாசிப்பையும் ஜெபத்தையும் விட்டுவிடுகிறார்கள். விசுவாசம் குறைந்துபோனதே காரணம் என்று அவர்களே தங்களைக் குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையல்ல. 1799-இல் உருவான முதலூர் போன்ற ஊர்களில் ஆலயமும் வீடுகளும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. கோயில் மணி வேளையை நினைவூட்டியது, உபதேசியார் ஜெபம் நடத்தினார், இரவில் தாத்தா வேதாகமத்தைத் திறந்தால் வீடே பாயில் அமர்ந்தது. அந்தச் சூழல்தான் பழக்கத்தைச் சுமந்துகொண்டிருந்தது. விடுதி அறையில் அது இல்லாதபோது, மனவுறுதி ஒன்றை மட்டும் நம்பிப் பழக்கத்தைத் தொடர முயல்வது மிகக் கடினம். ஆகவே முதலில் சூழலை அமைத்துக்கொள்ளுங்கள், பழக்கத்தை அதன்மேல் கட்டுங்கள் என்பதே இக்கட்டுரையின் ஆலோசனை.

முதல் தேவை இடம். இயேசு, "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபிக்கச் சொன்னார். ஆனால் மூன்று பேர் தங்கும் அறையில் பூட்டுவதற்குத் தனிக் கதவு கிடையாது. மொட்டைமாடியின் ஒரு மூலை, அலுவலகம் போகும் வழியில் காலையில் திறந்திருக்கும் ஓர் ஆலயம், ஆளில்லாத பூங்கா இருக்கை என்று எதுவாயினும் ஒன்றைத் தேர்ந்து, தினமும் அதே இடத்துக்குப் போங்கள். அறையில்தான் ஜெபிக்க வேண்டும் என்றால், உடன் தங்கியிருப்பவர்களிடம், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், "காலையில் இருபது நிமிடம் அமைதியாக உட்காருவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைவாகவும் கூச்சத்துடனும் செய்யும் காரியம் விரைவில் நின்றுபோகும். அதே வேளையில், பிறர் உறங்கும்போது உரத்த குரலில் பாடுவதும் ஜெபிப்பதும் அவர்களுக்குச் செய்யும் அநீதி.

அடுத்தது நேரம். இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்ததை மாற்கு எழுதியிருக்கிறார். அதனால் அதிகாலை ஜெபம் நம்மிடையே மிகுந்த மதிப்புப் பெற்றிருக்கிறது, அது நல்லதே. ஆனால் இரவுப் பணி முடித்து விடியற்காலையில் அறைக்குத் திரும்புகிறவருக்கு அதையே சட்டமாக்கக் கூடாது. தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார். பவுலும் சீலாவும் சிறைச்சாலையில் நடுராத்திரியில் ஜெபித்துப் பாடினார்கள். கடிகார மணியைவிட, நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுவது உறுதியாக நிற்கும்: எழுந்து முகம் கழுவியவுடன், அல்லது பணியிலிருந்து வந்து குளித்தவுடன். அதற்கு முன் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். எழுப்புவதற்குச் சிறிய அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கி, கைப்பேசியைக் கட்டிலிலிருந்து எட்டாத இடத்தில் வைத்தாலே இந்த முடிவைக் காப்பது பாதி எளிதாகிவிடும். அச்சிட்ட வேதாகமத்தையே வாசிக்கச் சொல்வதற்கும் காரணம் இதுதான். செயலியில் வாசிக்கத் தொடங்கினால், வரும் செய்திகள் அதிகாரம் முடிவதற்குள் கவனத்தைக் கொண்டுபோய்விடும்.

வாசிப்பில் பலர் ஆதியாகமத்தில் ஆர்வத்தோடு தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளலாம். 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரங்கள், அதாவது மூன்று மாதம். அதனோடு நாளுக்கு ஒரு சங்கீதம் சேர்த்தால் 150 சங்கீதங்களும் ஐந்து மாதத்தில் முடியும். பழக்கம் வேரூன்றிய பிறகு, 66 புத்தகங்களின் 1189 அதிகாரங்களையும் ஓராண்டில் வாசிக்க விரும்பினால், திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்றும் ஞாயிறன்று ஐந்தும் போதும். வாய்விட்டு, மெல்லிய குரலிலாவது வாசியுங்கள். பழைய திருப்புதலின் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்) நீண்ட வாக்கியங்கள் கண்ணுக்குக் கடினமாகத் தோன்றினாலும் காதுக்குத் தெளிவாகின்றன. வாசித்து முடித்தபின், இந்தப் பகுதி தேவனைப் பற்றி என்ன சொல்லுகிறது, இன்று நான் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் குறிப்பேட்டில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வாக்குத்தத்த வசனப் படங்களைப் பார்ப்பதை வேதவாசிப்பாகக் கணக்கிடக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். முன்பின் தெரியாமல் பிடுங்கி எடுக்கப்பட்ட ஆறுதல் வசனங்களை மட்டுமே உண்டு வளரும் விசுவாசம், முதல் நோயிலோ முதல் வேலை இழப்பிலோ தேவன் வாக்குத் தவறிவிட்டார் என்று கலங்கிவிடுகிறது.

ஒரு நாளோ ஒரு வாரமோ தவறினால், விட்டுப்போன அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துக் கடன் தீர்க்க முயலாதீர்கள். அந்தச் சுமைதான் பலரை முழுவதுமாக நிறுத்துகிறது. இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

எப்படி ஜெபிப்பது என்று தடுமாறுகிறவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபமே முறையைக் கற்றுத் தருகிறது. அதில் பிதாவின் நாமம், ராஜ்யம், சித்தம் ஆகியவை முதலில் வருகின்றன. அன்றன்றுள்ள ஆகாரம் அதன்பின் வருகிறது. பிறகு மன்னிப்பு, பிறகு சோதனையிலிருந்து காக்கப்படுதல். இந்த வரிசையில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சற்று நின்று சொந்த வார்த்தைகளில் பேசினால் பத்து நிமிடம் போதாமல் போகும். வேண்டிக்கொள்ள வேண்டியவர்களின் பெயர்களைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கோபப்படுத்தும் மேலாளரின் பெயரும் அதில் இருக்கட்டும். எந்த உணர்வும் எழாத, வறண்ட நாள்கள் வரும். அன்று சங்கீதத்தையே ஜெபமாக வாசியுங்கள். 88-ஆம் சங்கீதம் நண்பர்கள் தூரமாய்ப்போன துயரத்தோடு, எந்த ஆறுதல் வரியும் இல்லாமலே முடிகிறது. அந்தப் புலம்பலும் வேதத்தில் ஜெபமாகவே இடம்பெற்றிருக்கிறது.

இனி மனிதர்கள். இதுவே மிகவும் கவனிக்கப்படாத பகுதி. நகரத்துக்கு வந்தவர்கள் வாரம் ஓர் ஆலயமாகச் சென்று பிரசங்கங்களை ஒப்பிடுகிறார்கள், அல்லது அறையிலிருந்தபடி இணையத்தில் ஆராதனை பார்க்கிறார்கள். நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இணைய ஆராதனை பெரிய நன்மை. நடமாடக்கூடியவருக்கு அது சபை அல்ல. நீங்கள் வராததைக் கவனித்துக் கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் நீங்கள் பார்வையாளர் மட்டுமே. அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரம், முதல் சபையார் உபதேசத்திலும் அந்நியோந்நியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபத்திலும் உறுதியாய்த் தரித்திருந்ததாகச் சொல்லுகிறது. இந்த நான்கில் உபதேசத்தை மட்டுமே திரையில் ஓரளவு பெற முடியும். ஒரே பேருந்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், வேதத்தை ஒழுங்காகப் போதிக்கும் சபை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஊர்ச் சபையின் ஆயரிடம் அறிமுகக் கடிதம் பெற்றுக்கொண்டுபோய் அங்குள்ள ஆயரைப் பாருங்கள். பாடகர் குழு, ஓய்வுநாள் பாடசாலை, மருத்துவமனைச் சந்திப்பு என ஏதாவது ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பொறுப்புள்ளவரைச் சபை தேடும்.

ஞாயிறு ஆராதனையோடு, வாரம் ஒருமுறை கூடும் சிறு குழு ஒன்றும் வேண்டும். ஜான் வெஸ்லி இங்கிலாந்தில் தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தில் 1742 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் வாரந்தோறும் கூடி, ஒவ்வொருவரின் ஆத்தும நிலையையும் விசாரித்தன. மெதடிஸ்ட் சபைகள் நிலைபெற்றதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. உங்களுக்குப் பன்னிரண்டு பேர் தேவையில்லை. நம்பிக்கைக்குரிய இருவரோ மூவரோ வாரம் ஒரு மணி நேரம் கூடி, வாசித்ததைப் பகிர்ந்து, "ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு சொன்னபடி செய்தால் போதும். பகிர்ந்த குறை வெளியே போகாது என்பதை முதல் நாளே பேசி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்; ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் கூடுவது மனந்திறந்து பேச உதவும்.

வீட்டோடுள்ள தொடர்பையும் இதற்குப் பயன்படுத்தலாம். பெற்றோர் இரவு குடும்ப ஜெபம் செய்யும் நேரத்தில் வாரத்தில் இரண்டு நாளாவது அழைத்து அதில் சேர்ந்துகொள்ளுங்கள். அம்மா கீர்த்தனை பாடட்டும், நீங்கள் வேதபாகம் வாசியுங்கள். திருமணமானவர்கள் முதல் வாரத்திலேயே குடும்ப ஜெபத்தைத் தொடங்கிவிட வேண்டும். குழந்தை பிறந்தபின் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் தொடங்குவது அரிது.

வளர்ச்சியை வாசித்த அதிகாரங்களின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் அன்பு, சந்தோஷம், சமாதானம் தொடங்கி இச்சையடக்கம் வரை ஆவியின் கனியை வரிசைப்படுத்துகிறது. நீடியபொறுமை உங்களில் கூடியிருக்கிறதா என்பதை உங்களைவிட உடன் தங்கியிருப்பவர் நன்றாக அறிவார். "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் எழுதியது, பழக்கங்களைப் பெருமையாக்கிக்கொள்ளாதபடிக்கும், பலன் உடனே தெரியவில்லை என்று சோர்ந்துபோகாதபடிக்கும் நம்மைக் காக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து புதிதாக ஒருவர் நகரத்துக்கு வருவதாகத் தெரிந்தால், அவர் வந்த முதல் ஞாயிறன்றே ஆலயத்துக்கு அழைத்துச் சென்று, ஆயரிடம் அறிமுகப்படுத்தி, அந்த வாரச் சிறு குழுவிலும் சேர்த்துவிடுங்கள். முதல் மாதத்தில் இது நடக்காவிட்டால், பிறகு அழைத்தாலும் அவர் வருவது கடினம்.