ஒரே டிரைவர், பல கெர்னல்: அப்டேட்டில் உடையாமல் வைத்திருப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, நேத்து வரைக்கும் கார்டு ஓடுச்சு. லினக்ஸ் அப்டேட் போட்டதும் டிரைவர் ஏறவே மாட்டேங்குது." மெஷினின் சுற்றை எண்ணும் பிசிஐ கார்டு ஒன்று இருக்கும். கார்டு விற்றவர் பல வருடம் முன்பு அதை இயக்கும் டிரைவராக ஒரு சி ஃபைலைக் கொடுத்திருப்பார். அதன் பிறகு அவர் அதைத் தொட்டே இருக்க மாட்டார். அந்த ஃபைலை நீங்களே எப்படிச் சரிசெய்து, பழைய கணினியிலும் புதிய கணினியிலும் ஓட வைப்பது என்று இங்கே சொல்கிறேன். சி மொழி ஓரளவு தெரிந்தால் போதும்.

பழைய கணினியில் உபுண்டு 20.04, அதாவது 5.4 கெர்னல் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி). புதியதில் உபுண்டு 24.04, அதாவது 6.8 கெர்னல். இரண்டிலும் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பில் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஏன் உடைகிறது?

லினக்ஸில் சாதாரண புரோகிராம்கள் கெர்னலை அழைக்கும் வழி மாறாது. அதை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாராக இருப்பவர். ஆனால் கெர்னலுக்கு உள்ளே டிரைவர்கள் பயன்படுத்தும் ஃபங்ஷன்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஏன் கிடையாது என்று கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கெர்னல் சோர்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ஃபங்ஷனை மாற்றுபவர், கெர்னல் சோர்ஸுக்குள் அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவரையும் கூடவே திருத்திவிடுவார். வெளியே, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருக்கும் டிரைவர் அவர் கண்ணில் படாது.

முதலில்: கெர்னல் டிரைவர் வேண்டுமா?

தராசு, பார்கோடு ரீடர், யுஎஸ்பி-சீரியல் கேபிள் என்றால் பெரும்பாலும் வேண்டாம். சிஎச்340, எஃப்டிடிஐ சிப்புகளுக்கு கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. செருகினால் டிடிஒய்-யுஎஸ்பி-0 என்று டிவைஸ் ஃபைல் வரும், பைதானிலேயே படித்துவிடலாம். தனி யுஎஸ்பி கருவி என்றால் லிப்யுஎஸ்பி (சாதாரண புரோகிராமிலிருந்தே யுஎஸ்பி கருவியோடு பேச உதவும் லைப்ரரி) போதும். இந்த வழியில் கெர்னல் மாற்றம் உங்களைத் தீண்டாது. டிஎம்ஏ (கார்டு நினைவகத்தை நேரடியாகத் தொடுவது), இன்டரப்ட் (கார்டு பிராசஸரைக் கூப்பிடுவது) என்று கார்டோடு நேரடியாகப் பேச வேண்டியிருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

கம்பைல் செய்து பிழைகளைச் சேகரியுங்கள்

ஓடும் கெர்னலுக்கு உரிய ஹெட்டர் பேக்கேஜை நிறுவி, மேக்ஃபைலில் 'லிப் மாட்யூல்ஸ்' அடியில் அந்த கெர்னலின் பெயரிலுள்ள 'பில்ட்' ஃபோல்டரைக் காட்டி மேக் கொடுங்கள். 5.4-இல் கம்பைல் செய்த மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் டிரைவர் ஃபைலை) தூக்கி 6.8-இல் போடாதீர்கள், 'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று திருப்பி அனுப்பிவிடும். எந்த கெர்னலுக்குக் கட்டியது என்பதை மாட்இன்ஃபோ கட்டளையில் வெர்மேஜிக் வரி காட்டும்.

பிழைகள் திரை முழுக்க ஓடும். பயப்பட வேண்டாம். 'இம்ப்ளிசிட் டெக்ளரேஷன்' என்றால் அந்த ஃபங்ஷன் நீக்கப்பட்டிருக்கலாம், அல்லது வேறு ஹெட்டருக்குப் போயிருக்கலாம். 'டூ மெனி ஆர்க்யூமென்ட்ஸ்' என்றால் ஃபங்ஷன் இருக்கிறது, வடிவம் மாறிவிட்டது. 'இன்கம்பேட்டிபிள் பாயின்டர்' என்றால் எதிர்பார்க்கும் ஸ்ட்ரக்சர் வேறு. ஒவ்வொரு பெயரையும் பூட்லினின் எலிக்சர் தளத்தில் தேடினால் எந்த வெர்ஷன் வரை இருந்தது என்று தெரியும். கெர்னல் கிட் களஞ்சியம் கையில் இருந்தால், எடுத்தவர் ஏன் எடுத்தார், பதிலுக்கு எதைப் போட்டார் என்பதை கமிட் குறிப்பிலேயே படிக்கலாம்.

இரண்டிலும் ஓடும் பொதுவழியைத் தேடுங்கள்

இந்த வேலையில் முக்கியமான இடம் இதுதான். பிழை வந்ததும் வெர்ஷன் நம்பரை வைத்து '#இஃப்' போட ஓடுகிறார்கள். பத்து இடத்தில் போட்ட பிறகு அந்தக் கோடை யாராலும் படிக்க முடியாது. பாதிக்கு மேற்பட்ட பிழைகளுக்கு '#இஃப்' தேவையே இல்லை.

ஐஓரீமேப்_நோகேஷ் 5.6-இல் நீக்கப்பட்டது. வெறும் ஐஓரீமேப் இரண்டிலும் உண்டு, மாற்றினால் முடிந்தது. எஸ்டிஆர்எல்சிபிஒய் 6.8-இல் போய்விட்டது, எஸ்டிஆர்எஸ்சிபிஒய் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் அது திருப்பித் தரும் மதிப்பு வேறு: சரம் இடத்தில் அடங்காவிட்டால் நெகட்டிவ் எண் வரும். அந்த மதிப்பைப் பழைய கோட் பயன்படுத்துகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். செட்அப்_டைமர் 4.15-இலேயே போனது, டைமர்_செட்அப் இரண்டிலும் வேலை செய்யும்.

பிசிஐ_அலாக்_கன்சிஸ்டன்ட் 5.18-இல் நீக்கப்பட்டது. அதற்குப் பதில் டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பழைய ஃபங்ஷன் உள்ளுக்குள் ஜிஎஃப்பி_அடாமிக் (காத்திருக்காமல் கொடு) என்றே நினைவகம் கேட்டது. புதியதில் அந்த ஃபிளாகை நீங்களே கொடுக்க வேண்டும். கார்டைக் கண்டதும் கெர்னல் அழைக்கும் புரோப் ஃபங்ஷனுக்குள் கேட்கிறீர்கள் என்றால் ஜிஎஃப்பி_கெர்னல் கொடுங்கள். தேவைப்பட்டால் காத்திருந்து பெற்றுத் தரும். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள், அல்லது ஸ்பின்லாக் (பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டு) பிடித்திருக்கும்போது, அதைக் கொடுக்கவே கூடாது.

புராக் ஃபைல் (கெர்னலுக்குள் இருக்கும் தகவலை வாசிக்கத் தரும் ஃபைல்) பலரைக் குழப்பும். 5.6-இல் ஃபைல்_ஆபரேஷன்ஸுக்குப் பதில் புராக்_ஆப்ஸ் என்ற தனி ஸ்ட்ரக்சர் வந்தது. அதன் உறுப்புகளின் பெயரும் வேறு. இரண்டு டேபிள் எழுதாதீர்கள். எண்ணிக்கையை வாசித்துக் காட்ட மட்டும் என்றால், 4.18 முதல் இருக்கும் புராக்_கிரியேட்_சிங்கிள் போதும். காட்டும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மிச்சத்தை ஒரே ஹெட்டரில் அடையுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் சில மிஞ்சும். கிளாஸ்_கிரியேட் 6.4-இல் தன் முதல் ஆர்க்யூமென்டை இழந்தது. இரண்டுக்கும் பொதுவான வடிவம் அதற்கு இல்லை. இதற்கு மட்டும் கம்பாட் என்று ஒரு ஹெட்டர் ஃபைல் வைத்து, உங்கள் கார்டின் பெயரை முன்னொட்டாக்கி ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள்:

#இஃப் லினக்ஸ்_வெர்ஷன்_கோட் < கெர்னல்_வெர்ஷன்(6, 4, 0)
    ரிட்டர்ன் கிளாஸ்_கிரியேட்(திஸ்_மாட்யூல், நேம்);
#எல்ஸ்
    ரிட்டர்ன் கிளாஸ்_கிரியேட்(நேம்);
#எண்டிஃப்

டிரைவருக்குள் எங்கும் வெர்ஷன் நம்பர் வரக் கூடாது. டிரைவரைப் புதிய கெர்னலுக்கு எழுதியது போலவே வைத்துக்கொண்டு, பழையதை இந்த ஹெட்டர் சமாளிக்கட்டும். நாளை 5.4 கணினியைக் கழித்துக் கட்டும்போது ஹெட்டரில் சில வரிகளை நீக்கினால் போதும்.

கெர்னல்_வெர்ஷன்(6, 4, 0) என்பது வெறும் ஓர் எண்: 6-ஐ 65536-ஆலும் 4-ஐ 256-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 394240. அதனால் 'சிறியது', 'பெரியது அல்லது சமம்' என்றே ஒப்பிடுங்கள். 'சமம்' மட்டும் போட்டால் அடுத்த சிறு அப்டேட்டிலேயே தவறிப்போகும்.

வெர்ஷன் நம்பர் பொய் சொல்லும் இடம்

ரெட் ஹேட் 9-இன் கெர்னல் தன்னை 5.14 என்றே சொல்லிக்கொள்ளும். உள்ளே பிந்தைய வெர்ஷன்களிலிருந்து எடுத்துச் சேர்த்த மாற்றங்கள் நிறைய இருக்கும். அங்கே நம்பரை நம்பி எழுதிய '#இஃப்' தவறான பக்கம் போகலாம். அந்தக் குடும்ப லினக்ஸும் உங்கள் பட்டியலில் இருந்தால், அம்சத்தையே சோதியுங்கள்: கிளாஸ்_கிரியேட்டை ஒரே ஆர்க்யூமென்டோடு அழைக்கும் மூன்று வரி ஃபைலை முதலில் கம்பைல் செய்து பார்த்து, வெற்றி என்றால் ஒரு மேக்ரோவை ஆன் செய்யும்படி மேக்ஃபைலை அமையுங்கள். என்விடியாவும் ஓபன்இசட்எஃப்எஸ்ஸும் இப்படித்தான் செய்கின்றன. உபுண்டு மட்டும் என்றால் ஆரம்பத்திலேயே இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்டேட் வந்ததும் தானாகக் கட்ட

டிகேஎம்எஸ் நிறுவி, சோர்ஸை யுஎஸ்ஆர்-எஸ்ஆர்சி ஃபோல்டரில் வைத்து, டிகேஎம்எஸ்.கான்ஃப் ஃபைலில் மாட்யூல் பெயர், வெர்ஷன், நிறுவும் இடம், தானாக நிறுவு என்ற வரிகளை எழுதுங்கள். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதுவே கம்பைல் செய்துவிடும். அந்த கெர்னலின் ஹெட்டர் பேக்கேஜும் கூடவே வந்திருக்க வேண்டும். செக்யூர் பூட் (கையெழுத்தில்லாத மாட்யூலை ஏற்க விடாத பாதுகாப்பு) இயங்கும் கணினியில், மாட்யூலில் கையெழுத்திட்ட சாவியை ரீபூட்டின்போது வரும் நீலத் திரையில் ஒருமுறை பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவறவிட்டுவிட்டு கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மெஷின் ஓடும் கணினியில் சோதனை செய்யாதீர்கள். விர்ச்சுவல் மெஷினில் இரண்டு உபுண்டுவையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இரண்டிலும் கம்பைல் ஆகிறதா என்று பாருங்கள். கம்பைல் ஆனது மட்டும் போதாது: உண்மையான கார்டு உள்ள உதிரிக் கணினியில் மாட்யூலை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கெர்னல் செய்திகளைப் படியுங்கள். இறக்கும்போது டைமரை நிறுத்த மறந்திருந்தால் அங்கேதான் பிடிபடும். நிறுத்தும் டெல்_டைமர்_சிங்க் 6.15-இல் டைமர்_டிலீட்_சிங்க் என்று மாறிவிட்டது. இப்போதே அதையும் கம்பாட் ஹெட்டரில் சேர்த்துவிடலாம்.

பலர் பயன்படுத்தும் கார்டு என்றால், டிரைவரை கெர்னலுக்குள்ளேயே சேர்க்க முயலுங்கள். அதன்பின் ஃபங்ஷன் மாறும்போது மாற்றுபவரே உங்கள் ஃபைலையும் திருத்துவார். அனுப்பும் முன் கம்பாட் ஹெட்டரை முழுதாக நீக்கிவிடுங்கள். வெர்ஷன் நம்பரைச் சோதிக்கும் கோடைப் பார்த்தால், அனுப்பும் கோடைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் எச்சரிக்கை கொடுக்கும். யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை கெர்னல் சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் பட்டியலிட்டுத் தரும்.