அம்மிச்சிக்கு ‘டொரோரோ’ காட்டுவது எப்படி

“ஜப்பான் படமா? கீழ எழுத்து ஓடுமே, எனக்கெதுக்குச் சாமி” என்று ஒதுங்கிய என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), ‘டொரோரோ’ என்ற ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடரின் 24 அத்தியாயங்களையும் விடாமல் பார்த்தார். வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், தினம் ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்ட நினைத்தால் இப்படிச் செய்யுங்கள்.

2019இல் வந்த தொடரை எடுங்கள். 1969இல் வந்த கருப்பு வெள்ளைத் தொடரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் மூலம் ஒசாமு தெசுகா 1967இல் தொடங்கிய சித்திரக்கதை. அதில் நாயகன் கொல்ல வேண்டிய பேய்கள் 48, 2019 தொடரில் 12. ரத்தம் நிறைய உண்டு, சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் முன்கூட்டியே தனியாகப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நீங்கள்தான் கதை சொல்லி. பெயர்களையும் மாற்றிவிடுங்கள், நாயகன் பெயர் ஹியாக்கிமாரு, அதெல்லாம் அவர்கள் வாயில் நுழையாது. நான் அவனைப் ‘பெரியவன்’ என்றேன், கூடத் திரியும் திருட்டுக் குழந்தை டொரோரோவைச் ‘சின்னது’ என்றேன். பெரியவனின் அப்பன், நாட்டை ஆளும் டைகோ, ‘பண்ணாடி’ (எங்கள் பக்கம் பெரிய நிலக்காரரை அப்படித்தான் சொல்வோம்). குருட்டுத் துறவி பிவாமாரு வந்ததும் அம்மிச்சிக்கு நான் ஒன்றுமே விளக்கவில்லை. அந்தக் காலத்து ஜப்பானில் கண் தெரியாத துறவிகள் பிவா என்ற நரம்புக் கருவியை மீட்டிப் போர்க்கதை பாடித் திரிந்தார்கள். உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாக எங்கள் கொங்குநாட்டு அண்ணன்மார் கதை பாடக் கேட்டவருக்கு அது புதிதா என்ன?

முதல் அத்தியாயத்துக்கு முன் இவ்வளவு சொன்னால் போதும்: ஊரெல்லாம் சண்டை, பஞ்சம். பண்ணாடி 12 பேய்களிடம் போய், நாடு செழிக்கட்டும், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். பிறந்த பிள்ளையின் தோல், கண், காது, கை, கால் எல்லாம் போகின்றன. ஆற்றில் விட்ட பிள்ளையை ஜுகாய் என்ற வைத்தியர் எடுத்து மரக்கை, மரக்கால் செய்து வளர்க்கிறார். மரக்கைக்குள் வாள். ஒரு பேயைக் கொன்றால் ஓர் உறுப்பு திரும்பும்.

சத்தத்தை டிவியில் நன்றாக வையுங்கள், ஃபோனில் காட்டாதீர்கள். 4ஆம் அத்தியாயத்தில்தான் பெரியவனுக்குக் காது கிடைக்கிறது. கிடைத்ததும் சந்தோஷப்படுவான் என்று நினைப்போம், ஆனால் அவனுக்கு எல்லாச் சத்தமும் வேதனை. 5, 6இல் மியோ என்ற பெண் பாடுவாள். அந்தப் பாட்டு மட்டும்தான் அவனுக்கு இதமாக இருக்கும். அங்கே வாயே திறக்காதீர்கள், நிறுத்தவும் வேண்டாம்.

நிறுத்த வேண்டிய இடம் வேறு. பேய்கள் சாகச் சாக, பண்ணாடியின் நாட்டில் மழை பொய்க்கும், பயிர் கெடும். அதைச் சொன்னபோது அம்மிச்சி கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டார். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று மேட்டாங்காட்டைப் பார்த்துக்கொண்டே காலம் கழித்தவர் அவர். “மழை நின்னா அந்த ஊருச் சனம் கஞ்சிக்கு என்ன பண்ணும்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்காக ஒரு பச்சப்புள்ளையக் குடுத்தா மழையை வாங்கோணும்?” என்றார். கல்லூரியில் நண்பர்களோடு பார்த்தபோது டைகோவை வில்லன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். அன்றைக்கு அம்மிச்சியோடு பேசிப் பேசி மணி 11 ஆனது. அந்தப் பேச்சுக்கு நேரம் விடுங்கள். 11, 12ஆம் அத்தியாயங்களில் குடும்பமே எதிரெதிரே நிற்கும்போது அது தேவைப்படும்.

தினம் ஒன்று என்ற கணக்கைக் கடைசியில் மட்டும் மாற்றுங்கள். 23, 24 இரண்டையும் ஒரே ராத்திரியில் போட வேண்டும். நான் 23ஓடு நிறுத்திவிட்டுப் படுத்தேன். விடியக்காலை 5 மணிக்குக் கட்டுத்தரையில் பால் பீச்சிக்கொண்டே அம்மிச்சி கூப்பிட்டுக் கேட்டார்: “பெரியவன் பொழச்சுக்குவானா சாமி?”