வேலூரிலிருந்தே கடலலையை ஆராயும் முறை: எல் நினோவின் தாக்கத்தைக் கணக்கிடுவது எப்படி?

வேலூரில் இயற்பியலோ புவியியலோ படிக்கும் மாணவர் கடலலையைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்பினால், அது கடற்கரை ஊர்க்காரர்களின் வேலை என்று சொல்லித் தடுப்பவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் தேவையற்றது. நம் ஊர் வழியாகச் செல்லும் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்கு எதிரேயுள்ள கடற்பரப்பின் அலை உயரம், அலைவுக் காலம், திசை ஆகியவை ஐரோப்பிய கோப்பர்நிகஸ் புவிக் கண்காணிப்புத் திட்டத்தின் 'எரா5' மறுபகுப்பாய்வுத் தொகுப்பில் (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கியது) 1940 முதல் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும்.

தரவை இறக்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கரைக்கு வரும் அலைகளில் இரு வகை உண்டு: அருகில் வீசும் காற்று எழுப்பும் காற்றலை ஒன்று, எங்கோ வீசிய புயற்காற்று எழுப்பி, அந்தக் காற்றை விட்டு நெடுந்தூரம் விலகி வந்துவிட்ட ஸ்வெல் எனும் தூரத்து அலை மற்றொன்று. எல் நினோவும் (பசிபிக்கின் வெப்பமண்டலப் பரப்பு வழக்கத்தைவிட வெப்பமடைவது) இந்தியப் பெருங்கடல் இருமுனையும் (அக்கடலின் மேற்கும் கிழக்கும் எதிரெதிராக வெப்பம் மாறுவது) நம் பகுதியின் பருவக்காற்றை மாற்றுவதன் வழியாகப் பெரும்பாலும் காற்றலையைத் தொடுகின்றன. அண்டார்க்டிகாவைச் சுற்றி வீசும் மேலைக்காற்று தெற்கே நகர்ந்து வலுப்பதையும் வடக்கே விலகி வலுவிழப்பதையும் குறிக்கும் தென்வளைய அலைவோ தூரத்து அலையைத் தொடுகிறது. இரண்டையும் கலந்து, ஆண்டுச் சராசரியாக்கி, எல் நினோவோடு ஒப்பிட்டால் கிடைக்கும் விடைக்குப் பொருள் இராது. ஆய்வேடுகள் பல சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

ஆகவே காற்றலையின் உயரம், தூரத்து அலையின் உயரம் என்னும் இரண்டையும் தனித்தனியாக இறக்குங்கள். அலைத் தரவின் கட்டம் அரை பாகை அளவுடையது என்பதால் கரையை ஒட்டிய கட்டத்தைத் தவிர்த்து, வடக்கு 12.5, கிழக்கு 81 பாகையிலுள்ள புள்ளியைத் தேர்வதே நல்லது. தெற்கிலிருந்து வரும் தூரத்து அலையின் ஒரு பகுதியை இலங்கை மறைத்துவிடுவதால், ஒப்பீட்டுக்காகக் கன்னியாகுமரிக்குத் தெற்கே, வடக்கு 7.5, கிழக்கு 77.5 பாகையில் இன்னொரு புள்ளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை நெட்சிடிஎஃப் என்னும் அறிவியல் தரவு வடிவில் பெறுங்கள். எக்செல் அதை நேரடியாகத் திறக்காது, பைத்தான் போன்ற நிரல்மொழி வேண்டும். 1991 ஆகஸ்டு முதல்தான் செயற்கைக்கோள் அளந்த அலை உயரம் இத்தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. எனவே 1992க்குப் பிந்தைய ஆண்டுகளை மட்டும் கொள்வது பாதுகாப்பானது.

அடுத்தது விலகலைக் கணக்கிடுவது. ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் நீண்டகாலச் சராசரியைக் கண்டு, அந்தந்த ஆண்டின் மதிப்பிலிருந்து கழித்து, எஞ்சியதிலுள்ள நேர்கோட்டுப் போக்கையும் நீக்க வேண்டும். திசைக்கு மட்டும் இந்த வழி உதவாது: 350 பாகையும் 10 பாகையும் வடக்கையே குறித்தாலும், எண்களாகச் சராசரி எடுத்தால் 180 என்று நேர்த்தெற்கைக் காட்டும். திசையைச் சைன், கோசைன் கூறுகளாகப் பிரித்துச் சராசரி கண்டு, பிறகு மீண்டும் கோணமாக மாற்றுங்கள்.

இனி குறியீட்டெண்கள். எல் நினோவுக்கு, பசிபிக்கில் மேற்கு 170 முதல் 120 பாகை வரையிலான நினோ 3.4 பகுதியின் வெப்ப விலகல். இருமுனைக்கு, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கும் சுமத்திராவை ஒட்டிய கிழக்குப் பகுதிக்கும் உள்ள வெப்ப விலகல் வேறுபாடு. தூரத்து அலைக்குத் தென்வளைய அலைவின் மாதக் குறியீட்டெண். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தையும், வடகிழக்கிலிருந்து அலை வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தையும் தனித்தனியாக வைத்து, அலையும் குறியீட்டெண்ணும் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்பதை -1 முதல் 1 வரையிலான எண்ணாகக் காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் காணுங்கள். தூரத்து அலைக்கு மாதக் கணக்கில் கால இடைவெளி விடத் தேவையில்லை. ஆழ்கடலில் அலை ஆற்றல் நகரும் வேகம், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில், அலைவுக் காலத்தின் 0.78 மடங்கு. 15 விநாடி அலை நாளொன்றுக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் கடப்பதால், தெற்கு 50 பாகையிலிருந்து நம் புள்ளியை எட்ட ஒரு வாரம் போதும்.

1992 முதல் 2023 வரை கொண்டால், ஆண்டுக்கு ஒன்றாக 32 பருவங்களே கைவசம் இருக்கும். அப்போது கெழு, குறி எதுவானாலும், ஏறத்தாழ 0.35ஐத் தாண்டினால்தான் 5 சதவீத அளவில் (உண்மையில் தொடர்பே இல்லாதபோது தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழ்) அது பொருட்படுத்தத்தக்கது. எல் நினோவும், மேற்குப் பகுதி கூடுதலாக வெப்பமடையும் நேர்மறை இருமுனையும் 1997இலும் 2023இலும் சேர்ந்தே வந்ததால், ஒன்றின் விளைவை மற்றதன் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒன்றின் விளைவை நீக்கிவிட்டு மற்றதன் தொடர்பை மட்டும் அளக்கும் பகுதி ஒட்டுறவு காண்பது கட்டாயம். வலுவான எல் நினோ இல்லாமலே இருமுனை உச்சம் தொட்ட 2019ஐத் தனியே எடுத்துப் பார்ப்பதும் பயன் தரும்.

கடைசியாகப் புயல்களைக் கவனியுங்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை ஒட்டிக் கடந்த மிக்ஜாம் போன்ற ஒரே புயல் அம்மாதச் சராசரியை உயர்த்திவிடும். அது எல் நினோ ஆண்டாகவும் இருந்ததால் கெழுவும் பொய்யாக உயரும். மணிநேரத் தரவை இறக்கி, சராசரிக்குப் பதிலாக ஒவ்வொரு மாதத்தின் இடைநிலை அளவைக் கொண்டு கணக்கை மறுபடி செய்யுங்கள். இரு கணக்குகளும் ஒரே குறியோடு, ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் முடிவை ஆய்வேட்டில் சேர்க்கலாம். முரண்பட்டால் இரண்டு அட்டவணைகளையும் அருகருகே கொடுத்து, முரணுக்குக் காரணமான மாதங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.